வேலைக் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், நகரத்து வேலையை விட்டுவிட்டுத் தாத்தா காலத்துத் தோட்டத்து வீட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தைப் பற்றி அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். மாதச் செலவு முன்பு ஆனதில் கால்வாசிகூட இல்லையாம். பால், எண்ணெய், பருப்பு எதுவும் கடையில் வாங்குவதில்லையாம். "யாரையும் எதிர்பார்க்காத வாழ்க்கை" என்று அந்த வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். படத்தில் அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் அடுப்படி வாசலில் ஒரு பெண் குனிந்து ஏதோ செய்துகொண்டிருப்பது பாதி தெரிகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தேன். துவரையைப் பருப்பாக உடைப்பதற்காகச் செம்மண் கட்டுகிறார் போலிருக்கிறது. அந்தப் பெண் பேசியதாகக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அவர் விட்ட இடத்தை நான் கொஞ்சம் நிரப்பலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

நாங்களும் அப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறோம். தாராபுரம் பக்கம், தோட்டத்துக்கு நடுவே இருக்கும் சாளை. மாமனாரின் அப்பா கட்டியது. செம்மண் சுவர், மேலே பனங்கை (பனை மரச் சட்டம்), முன்கட்டுக்குச் சீமை ஓடு, அடுப்படிக்கும் மாடு கட்டும் கட்டுத்தறிக்கும் நாட்டு ஓடு. நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். அவர் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங். மாமா தவறிய பிறகு அத்தையைத் தனியாக விட முடியவில்லை, வந்துவிட்டோம். பிள்ளைகள் இருவரும் இங்கிருந்துதான் படித்தார்கள்.

செலவு குறையும் என்பது பொய்யில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை கிடையாது. வெயில் காலத்தில்கூட ஓட்டு வீட்டுக்குள் மதியம் படுத்துத் தூங்கலாம், மின்விசிறி ஒன்று போதும். கீரை, முருங்கை, தேங்காய், மோர் இதற்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஆனால் "எண்ணெய் வாங்குவதில்லை" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்களே, அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா?

விழுந்த தேங்காய்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். பாரையை நட்டு மட்டை உரிக்க வேண்டும். உடைத்துத் தண்ணீரைக் கழித்து, களத்தில் வாய் மேலே பார்க்கக் காயப்போட வேண்டும். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் வாரி உள்ளே போட்டு, காலையில் மறுபடி பரப்ப வேண்டும். இரண்டு மூன்று நாள் வெயிலில் பருப்பு சிரட்டையை விட்டு விலகும். அப்போது தோண்டி எடுத்துத் திரும்பவும் காய வைக்க வேண்டும். நல்ல வெயிலென்றால் எல்லாம் சேர்ந்து ஒரு வாரம். நடுவில் ஒரு தூறல் விழுந்தாலும் போச்சு, பூசணம் பிடித்துவிடும், எண்ணெயில் சிக்கு வாடை வரும். அதனால் ஒரு கண் வானத்தில், ஒரு கண் காக்காய்மேல். பிறகு மூட்டை கட்டி ஆலைக்குக் கொண்டுபோனால் 10 கிலோ பருப்புக்கு 6 கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே எண்ணெய் கிடைக்கும், மீதி புண்ணாக்கு மாட்டுக்கு. எங்கள் வீட்டு எண்ணெயின் மணத்துக்கு எதுவும் ஈடில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் காங்கயம், வெள்ளகோவில் வட்டாரத்துத் தேங்காய்ப் பருப்புக் களங்களில் பெண்கள் செய்வதும் அச்சு அசலாக இதே வேலைதான். அங்கே அதற்குக் கூலி உண்டு. வீட்டில் செய்தால் அதன் பெயர் சிக்கனமாகிவிடுகிறது.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நாடு முழுக்க நேரக் கணக்கு எடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு நாளைக்குப் பெண்கள் 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவழிக்கிறார்கள் என்று அதில் வந்தது. பாக்கெட் மாவும் குழாய்த் தண்ணீரும் இருக்கிற வீடுகளையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வது என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அந்த நிமிடங்கள் யார் பக்கம் ஏறும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், அன்றன்றைக்கு யார் என்ன வேலை செய்தோம், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று ஒரு தை மாதம் முழுக்கக் குறித்து வைத்தேன். அத்தை, நான், அவர், பிள்ளைகள் எல்லோருடையதும். மாசக் கடைசியில் மளிகைச் சீட்டோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். செலவுக் கணக்கை அவர் எப்போதும் பெருமையாகப் பார்ப்பார். அன்று இரண்டையும் பார்த்தார். "சிக்கனம் பண்றதுன்னா முதல்ல என் நடையைச் சிக்கனம் பண்ணுங்க" என்றேன்.

அந்தத் தாள்களில் பெரிய இடத்தைப் பிடித்திருந்தது சாணம். எங்களிடம் சாண எரிவாயுக் கலன் இருக்கிறது. 2 கனமீட்டர் அளவு, மண்ணுக்குள் புதைந்த கும்மட்ட வகை. 1984இல் வந்த தீனபந்து மாதிரி என்பார்கள். மேலே இரும்புத் தொப்பி மிதக்கும் பழைய வகைபோல இதில் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. இதற்குத் தினமும் ஏறக்குறைய 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். கட்டுத்தறியிலிருந்து கூடையில் சுமந்து வந்து, தொட்டியில் கொட்டி, சோளத்தட்டுத் துண்டும் கல்லும் பொறுக்கிப் போட்டுக் கரைப்பது நானும் அத்தையும். வீட்டுக்காரர் இதைச் சிலிண்டர் மிச்சம் என்றுதான் கணக்கில் எழுதுவார். எனக்கு மிச்சமானது கண். விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காக நின்ற அத்தைக்கு இருமல் நிற்கவே நிற்காது. ஊதுகுழலை அட்டாலியில் போட்ட நாளை அவர் திருநாள் மாதிரி சொல்லுவார். அதனால் கலன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடைதான் வேண்டாம்.

வீட்டுக்காரர் என்ன செய்தார் என்றால், கட்டுத்தறித் தரையைக் கொத்தி எடுத்துவிட்டு, கலன் இருக்கும் பக்கமாகச் சரிவு கொடுத்து, நடுவில் ஒரு வாய்க்கால் விட்டுத் திரும்பப் போட்டார். பழைய வீடு இடித்த இடத்திலிருந்து கொண்டுவந்த பலகைக் கல்தான், காசு கொடுத்து வாங்கியது கொஞ்சம் சிமெண்ட் மட்டும். இப்போது சீமாற்றால் தள்ளிவிட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் சாணம் தானாகத் தொட்டிக்குப் போய்விடுகிறது. வெளியே வரும் கரைசலும் அதேபோல வாய்க்கால் வழியாகத் தென்னைக்குப் போகிறது. மார்கழிக் குளிரில் வாயு குறையும், அந்த ஒரு மாதம் வெந்நீருக்குத் தென்னை மட்டை போட்டுத் தண்ணி அடுப்பை எரித்துக்கொள்கிறோம். ஒரு வீட்டில் கைவேலை தெரிந்த ஆள் இருப்பதன் பயன் இதுதான் என்பது என் எண்ணம். அழகுக்குப் பழைய கதவை மேசையாக்குவதெல்லாம் அப்புறம்.

கூரை விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீட்டுக்குப் போக நினைப்பவர்கள் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றை நம்பித்தான் இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அதே காற்றுதான் நாட்டு ஓட்டை எரவாரத்திலிருந்து நகர்த்திவிடும். மீதியைப் பூனை பார்த்துக்கொள்ளும். இப்போது மயில் வேறு. கூட்டமாக வந்து கூரையில் இறங்கினால் சடசடவென்று சத்தம் கேட்கும், நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான், தேசியப் பறவை ஆயிற்றே. ஓடு விலகினால் ஐப்பசி மழை பனங்கையில் இறங்கும். வைரம் பாய்ந்த பனை நனையாமல் இருந்தால் பேரன் காலம்வரை இருக்கும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து என்று போனால் உளுத்துவிடும், கறையானும் வழி கண்டுபிடித்துவிடும். ஆகவே புரட்டாசியில் கூரையை ஒரு பார்வை பார்க்க வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்து அடுக்க வேண்டும்.

பிரிப்பது முகட்டிலிருந்து கீழே, அடுக்குவது எரவாரத்திலிருந்து மேலே. முதல் வரிசை வாய் மேலே பார்க்க, அதன் இடுக்கை மூடி அடுத்த வரிசை வாய் கீழே பார்க்க. எலிக்கூட்டையும் பாசியையும் துடைத்து, ஒவ்வொரு ஓட்டையும் தட்டிப் பார்த்து வைக்க வேண்டும். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊர்ப் பெரியவர். முழங்கால் வலியால் மேலே ஏறுவதை விட்டுவிட்டார். கீழே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "தட்டிப் பாரு கண்ணு, மணியாட்டம் கேட்டா வெய்யி, டொக்குன்னா எறி" என்று அதட்டிக்கொண்டே இருப்பார். வீட்டுக்காரர் மேலே, நான் ஏணியில், மகள் கீழிருந்து எடுத்துத் தருவாள். அவருக்கு நாங்கள் கொடுத்தது முழு நாள் கூலி, ஏறாவிட்டாலும். அவர் மகன் திருப்பூரில் செக்யூரிட்டியாக இருக்கிறார். வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியிருக்கிறார்கள்.

சீமை ஓட்டில் இந்தத் தொல்லை குறைவு. 1865இல் பாசல் மிஷன் என்ற கிறித்துவ அமைப்பினர் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடு அது. ஒன்றோடொன்று கொக்கி போலப் பிடித்துக்கொள்ளும், உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும்.

சுவர். எங்கள் பங்காளி ஒருவர் தன் மண் சுவர் உதிர்கிறது என்று ஆளை வைத்து நாலா பக்கமும் சிமெண்ட் பூசினார். அவர் கல்யாணத்துக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, பாவம். இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை, ஆளுயரத்துக்குப் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது, உள்ளே மண் சேறாக இருந்தது. தரையின் ஈரம் மண் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வெளியே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அதைப் பூட்டிவைத்துவிடுகிறது. "செவுத்துக்கு மூச்சு முட்டும்டா" என்று அத்தை முதலிலேயே சொன்னார், யார் கேட்கிறார்கள்? சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். அதற்கு அவசரம் ஆகாது. கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி (கொதிக்கும், குழந்தைகளை அண்டவிடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து), பல நாள் ஊறவைத்து, மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். நாங்கள் கீழ்ப்பாதிச் சுவரை மட்டும், வருடத்துக்கு ஒரு பக்கம் என்று செய்கிறோம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பு எல்லோருமாகச் சேர்ந்து.

மகள் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள். சிமெண்ட்டை எத்தனையோ விதமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறாள், சுண்ணாம்பைக் கையால் தொட்டதே நம் வீட்டில்தானம்மா என்றாள். கேரளத்தில் லாரி பேக்கர் (1917-2007) என்ற கட்டிடக் கலைஞர் மண்ணையும் சுண்ணாம்பையும் உள்ளூர்ச் செங்கல்லையும் வைத்து எத்தனையோ கட்டிடங்கள் கட்டிக் காட்டினார், 1990இல் பத்மஸ்ரீகூடக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க் கொத்தனார்களுக்கு அந்த வழி இன்னும் வந்து சேரவில்லை.

பனியன் வேஸ்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கே மனசு கேட்காது. திருப்பூரில் கட்டிங்கில் கழிகிற துணியைக் கிலோ கணக்கில் வாங்கலாம். அதைத் திரித்து ஆட்டுக்குக் கயிறு, பின்னிக் கால்மிதி, கயிற்றுக் கட்டிலின் தளர்ந்த பக்கத்துக்கு ஒட்டு, பாத்திரம் இறக்கக் கரித்துணி. வானவில் கலரில் கயிறு கட்டிய ஆட்டை வைத்தே சந்தையில் எங்களை அடையாளம் சொல்வார்கள். இது எனக்கு வேலையே இல்லை, கை சும்மா இருக்கப் பிடிக்காது, ரேடியோ கேட்டுக்கொண்டே செய்வேன். வேலைக் கணக்குத் தாளில் இதை நான் எழுதவும் இல்லை. பூசணி விதையைச் சாண வரட்டியில் பதித்துச் சுவரில் அறைந்து வைப்பது, புளி அடிப்பது இதெல்லாமும் அப்படித்தான், நாலு பேர் சேர்ந்தால் பொழுது போவதே தெரியாது. எல்லா வேலையும் சுமை என்று நான் புலம்புவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, "யாரையும் எதிர்பார்க்காத" என்ற அந்தப் பேச்சு. எங்கள் வீட்டு அரிசியில் பாதி ரேஷன் அரிசி. 2011இலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. கிணற்று மோட்டாருக்கு இலவச மின்சாரம். வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம், ஓட்டு வீட்டில் அதைத் தாண்டி அதிகம் போகாது. தாராபுரம் போய்வர 2021 முதல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. கட்டுவிரியன் நடமாடுகிற இடத்தில் நாங்கள் பயமில்லாமல் குடியிருப்பது அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். இதையெல்லாம் ஒளித்துவிட்டுத் தற்சார்பு என்று பெருமை பேசினால், அதை நம்பி நகரத்திலிருந்து கிளம்பி வருகிற இளம் குடும்பங்கள்தான் திண்டாடும். அந்த நண்பர் வேண்டுமென்று மறைத்தார் என்று சொல்லவில்லை. கையில் கிடைப்பது பழகிப்போனால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நாமே செய்யக் கூடாத வேலைகளும் இருக்கின்றன. வயரிங் அதில் முதல். பழைய வீட்டில் மரப்பட்டை அடித்து இழுத்த வயரின் உறை பொடிப்பொடியாக உதிரும், எலியும் கடித்திருக்கும். லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிட்டு, எர்த் சரியாகப் போட்டு, கசிவு வந்தால் தானே நிற்கிற சுவிட்சையும் வைத்துவிடுங்கள். அதற்கு ஆகும் காசில் பேரம் பேசாதீர்கள். அடுத்தது, நெடுநாள் மூடிக்கிடந்த கிணறு. காற்றில்லாத கிணற்றில் இறங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன செய்திகளை உங்கள் நாளிதழிலேயே படித்திருக்கிறேன். மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பதைக் கையுறை போட்டுக்கொண்டு நாமே செய்யலாம், தோலில் பட்டால் வெந்துவிடும். விறகையும் ஓலைத் தடுக்கையும் வீட்டுச் சுவரோடு அடுக்காமல் தள்ளி அடுக்குங்கள், பாம்பும் தேளும் கேட்டு வருவதில்லை.

உங்களிடம் கேட்பது இரண்டு. இப்படிக் கட்டுரை இனி வரும்போது மாதச் செலவுப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: எந்த வேலை, யார் செய்கிறார், எவ்வளவு நேரம். அடுப்படிக்குள் போய் அவரையும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள் உங்கள் நிருபரை. இன்னொன்று, ஓடு அடுக்குகிறவர், சுண்ணாம்புக் கொத்தனார், பனங்கை இழைக்கிற ஆசாரி என்று தாலுகா வாரியாகத் தேடி ஒரு தொடர் எழுதுங்கள். அவர்களின் கூலி என்ன, யாருக்குச் சொல்லித் தருகிறார்கள் என்பதையும் சேர்த்து. ஐ.டி.ஐ.யில் இதைக் குறுகிய காலப் பயிற்சியாக வைத்தால் சேர எங்கள் மகளே தயாராக இருக்கிறாள். சொல்லிக் கொடுக்கத்தான் அந்தப் பெரியவரின் வயதில் இருப்பவர்கள் வேண்டும், அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது. அரசின் காதில் விழும்படி எழுத உங்களால் முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாராபுரம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பின்குறிப்பு: அதே இதழில் ஒரு வாசகர், பழைய நாட்டு ஓடு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். புதிதாகச் சுடுகிறவர்கள் எங்கள் பக்கம் இல்லை. வீடு இடிக்கிற இடத்தில்தான் வாங்க வேண்டும். லாரியில் மொத்தமாகக் கொட்டித் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வந்து சேர்வதில் பெரும்பங்கு உடைசலாக இருக்கும். வைக்கோல் பரப்பிய வண்டியில் கையால் அடுக்கி, செங்குத்தாக நிறுத்தி ஏற்றுங்கள். ஓட்டின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் கூரையிலிருந்து ஒன்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.